டெக்ஸ்ட் எடிட்டர் உருவாக்குபவர்களுக்கு: இழுத்து விடும் வசதி பற்றி ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். நாள் முழுக்க மெய்ப்புத் திருத்துகிறவள் நான். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, மவுஸால் இழுத்து, வேறோர் இடத்தில் விடுவது எனக்கு மிகவும் பிடித்த வசதி. வாக்கியக் கடைசியில் கிடக்கும் சொல்லை முன்னால் கொண்டுவர, வெட்டி ஒட்டுவதைவிட இது வேகமானது. ஏற்கெனவே நகலெடுத்துக் கிளிப்போர்டில் வைத்திருப்பதும் அழியாது. அதனால் இதை எடுத்துவிடச் சொல்லி எழுதவில்லை. அரைகுறையாக விட்டுவைக்காதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

தேர்வான பகுதியின்மேல் ஒருவர் மவுஸை அழுத்தினால், தேர்வை விலக்கிவிட்டுக் கர்சரை அங்கே வைக்க நினைக்கலாம், புதிதாக வேறொன்றைத் தேர்ந்தெடுக்க நினைக்கலாம், இருப்பதை இழுத்துப்போகவும் நினைக்கலாம். கை நகரும்வரை எடிட்டருக்கு அது தெரிய வழியில்லை. விண்டோஸில் வழக்கமாக 4 பிக்சல் தாண்டினாலே இழுப்பு என்று கணக்கு. கை லேசாக நடுங்கினாலே போய்விடும் தூரம் அது. மேக்கின் டெக்ஸ்ட்எடிட் என்ற எடிட்டரில் அழுத்தி ஒரு கணம் நிறுத்திய பிறகு நகர்த்தினால்தான் சொல் கூடவே வரும்; உடனே நகர்த்தினால் புதுத் தேர்வு. பழகாதவர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம், ஆனாலும் இதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். ஈமேக்ஸ் என்ற எடிட்டர் இன்னும் கண்டிப்பு: வேண்டும் என்று நாமே அமைப்பில் சொன்னால்தான் இழுக்கவே விடும்.

இதைவிடப் பெரிய கவலை அன்டூ, அதாவது செய்ததைத் திரும்பப் பெறும் வசதி. நகர்த்துவது நமக்கு ஒரு வேலைதான், எடிட்டருக்கு இரண்டு: பழைய இடத்தில் நீக்க வேண்டும், புது இடத்தில் சேர்க்க வேண்டும். ஒரே கோப்புக்குள் என்றால் இரண்டும் ஒரே அன்டூவில் திரும்பும்படி செய்துவிடலாம். ஒரு புரோகிராமின் ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால்? வாங்கிய பக்கம் 'நகர்த்தலாக எடுத்துக்கொண்டேன்' என்று பதில் சொல்லும். கொடுத்த பக்கம் அதை நம்பித் தன்னிடம் உள்ளதை அழிக்கும். அன்டூ வரலாறோ இரண்டுக்கும் தனித்தனி. சேர்ந்த இடத்தில் கன்ட்ரோல் இசட் அடித்தால் பத்தி அங்கிருந்து மறையும், கிளம்பிய இடத்துக்குத் திரும்பாது. அப்படியே இரண்டையும் சேமித்து மூடிவிட்டால் அந்தப் பத்தி எங்குமே இல்லை. தயவுசெய்து, ஜன்னல் மாறும்போது நகலெடுப்பதையே இயல்பாக வையுங்கள். மிஞ்சிய நகலை அழித்துக்கொள்ளலாம். போன பத்தியை எங்கே போய்த் தேடுவது?

நகல் வேண்டுமென்றால் கன்ட்ரோலை, மேக்கில் ஆப்ஷனை, பிடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த விசை அழுத்தியிருக்கிறதா என்று பார்க்கப்படுவது மவுஸை விடும் நேரத்தில். விரலைச் சற்று முன்னதாக எடுத்தால் நகல் நகர்த்தலாகிவிடும். கர்சருக்குப் பக்கத்தில் வரும் அந்தச் சின்னக் கூட்டல் குறியைக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் காட்டுங்கள். சொல் விழப்போகும் இடத்தைக் காட்டும் கோட்டையும் கொஞ்சம் தடிமனாக்குங்கள்.

அப்புறம், தமிழ். 'கோவில்' என்ற சொல்லில் முதல் எழுத்து நமக்கு ஒன்று. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் ககரமும் ஓகாரக் குறியும் இரண்டு குறியீடுகள். குறியீடுகளை மட்டும் எண்ணும் எடிட்டரில் 'பழைய' என்பதை இழுத்துவந்து விட்டால், இரண்டுக்கும் நடுவே விழ வாய்ப்புண்டு. விழுந்தால் 'கபழையோவில்' என்றாகும். கூடவே ஓர் இடைவெளியும் வந்திருந்தால் ஓகாரக் குறி ஒட்ட இடமில்லாமல் புள்ளிவட்டத்தோடு தொங்கும். வாசகர் கண்ணால் பார்க்கும் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு யூனிகோடே விதி வெளியிட்டிருக்கிறது. (அந்த விதி க்ஷவை இரண்டாகத்தான் பிரிக்கும், அது தனி விவாதம்.) அம்புக்குறி விசையால் கர்சரை நகர்த்த அந்த விதியைப் பின்பற்றும் நீங்கள், மவுஸ் விடும் இடத்தையும் அதே எல்லைக்கு இழுத்து நிறுத்துங்கள். உங்கள் சோதனைகளில் ஒரு தமிழ் வரியும் இருக்கட்டும்.

கடைசியாக, நிறுத்தும் வசதி. விஎஸ் கோடிலும் சப்லைமிலும் வேர்டிலும் இதை அணைக்க வழி இருக்கிறது. உங்கள் எடிட்டரிலும் அது எல்லோரும் தேடினால் கிடைக்கும் இடத்தில், புரிகிற பெயரில் இருக்க வேண்டும். இழுக்கும்போது எஸ்கேப் அடித்தால் சொல் எடுத்த இடத்திலேயே நிற்க வேண்டும், தேர்வும் கலையாமல் இருக்க வேண்டும்.

அன்புடன்,
மெய்ப்புத் திருத்தும் ஒரு பயனர்