ஜமாலுக்கு, குதிரைக் கறி பத்தியும் ஜெயில் புளிசாதம் பத்தியும்

ஜமால் மாப்ள,

எப்படி இருக்க, தங்கச்சி சுகமா? எனக்கு முட்டி வலிதான், மாடிப்படிய பாத்தாலே பயமா இருக்கு. பேரன் லா காலேஜ் ரெண்டாவது வருஷம் போயிட்டான், அவன் கைல மாட்டிக்கிட்டு முழிக்கறேன்.

போன தடவ வந்தப்ப முதல் உலகப் போர்ல நடந்த கூட் முற்றுகை கதை சொன்னியே, அத போன்ல தேடி எடுத்துக் குடுத்தான், ரெண்டு நாளா அதே நெனப்பு. 1915 டிசம்பர்ல இருந்து 1916 ஏப்ரல் கடைசி வரைக்கும் ஈராக்ல டைக்ரிஸ் ஆத்தங்கரைல துருக்கிக்காரன் சுத்தி நிக்கறான், உள்ள மாட்டின பிரிட்டிஷ் படைக்கு சாப்பாடு தீந்துட்டே வருது, குதிரைய அடிச்சு தின்னுங்கன்னு தளபதி டவுன்ஷெண்ட் சொல்றாரு, வெள்ளக்கார சிப்பாய் தின்னுட்டான், அந்தப் படைல இருந்த நம்ம இந்திய சிப்பாய்ங்கள்ல பாதிக்கு மேல மாட்டேன்னுட்டாங்க. இந்தியாவுல இருக்கற மதப் பெரியவங்க கிட்ட கேட்டு பாவமில்லன்னு வாங்கிக் காட்டியும் ஏப்ரல் வரைக்கும் தொடாதவங்க நிறைய பேரு. சாமி மேல பயம் ஒரு பக்கம், ஊருக்குப் போனா குதிரை தின்னவன்னு ஒதுக்கிருவாங்களேங்கற பயம் இன்னொரு பக்கம். இதுல வேடிக்கை என்னன்னா கறி தொடாத நம்மாளுக்கு சத்துக்குறைவுல ஸ்கர்வி நோய் வந்து ஈறு வீங்குச்சு, வெள்ள மாவு ரொட்டி தின்னவனுக்கு பெரிபெரிங்கற இன்னொரு சத்துக்குறைவு நோய் வந்துச்சு, நம்மாளு தவிடு எடுக்காத ஆட்டா மாவு தின்னதால அது மட்டும் வரல. அதே உலகப் போர்ல பிரான்ஸ் பக்கம் அடிபட்டு இங்கிலாந்து போன நம்ம சிப்பாய்ங்களுக்கு பிரைட்டன் அரண்மனைய ஆஸ்பத்திரி ஆக்கி 9 சமையக்கட்டு போட்டுக் குடுத்திருக்கான், தண்ணிக் குழாய் கூட இந்துவுக்குத் தனி முஸ்லிமுக்குத் தனி. சண்டைக்கு ஆள் வேணும்ல அவனுக்கு.

உங்க பட்டாள லங்கர் சமையக்கட்டுல ஒரே வெட்டுல அறுத்த ஜட்கா கறி, ஹலால் கறி ரெண்டும் வரும்னு பெருமையா சொல்லுவ. நான் வேல பாத்த ஜெயில் கதையும் கேளு. சாயங்காலம் லாக்கப் பண்ணிட்டா காலைல தான் கதவு, அதனால ரம்ஜான் மாசம் நோம்பு தொறக்கறதுக்கும் விடியறதுக்கு முன்னாடி சாப்பிடற சஹருக்கும் சேத்து முன்னாடியே குடுத்துரணும். ஒரு வருஷம் வெறுஞ்சோறும் குழம்பும் குடுத்தோம், ராத்திரி மூணு மணிக்கு பாத்திரத்த தொறந்து பாத்தா ஊசிப்போச்சு, பாவம் தண்ணியக் குடிச்சிட்டு நோம்பு வெச்சாங்க. அடுத்த நாள்ல இருந்து சஹருக்கு புளிசாதம், அது கெடாதுல்ல, சமையக்கட்டுல இருந்த ஒரு வயசான கைதி சொன்ன யோசனை தான் அது. அப்புறம் பாரு, பேரீச்சம்பழத்துக்காகவே நோம்பு லிஸ்ட்ல பேரு குடுத்தவனுங்க நாலஞ்சு பேரு, அதுல ஒருத்தன் பேரு சுப்ரமணி! அமெரிக்காவுலயும் இப்படித்தானாம், ப்ளோரிடா ஜெயில்ல யூதங்களுக்கு அவங்க மத முறைப்படி கோஷர் சாப்பாடு குடுன்னு கேஸ் நடந்தப்ப கண்டவனும் கேப்பான், செலவு தாங்காதுன்னு அரசாங்கம் சொல்லிச்சு, 2016ல கோர்ட் அத ஏத்துக்கல. நாலு பேரு ஏமாத்தறான்னு நூறு பேர பட்டினி போட முடியுமா, வெளிய இருந்தா ஹோட்டல் மாத்திக்குவான், உள்ள இருக்கறவன் எங்க போவான்.

ஆனா ஒண்ணு இருக்கு, இத உன்கிட்ட கூட நான் சொன்னதில்ல. புதுசா வந்த ஒருத்தன் மூணு நாள் தட்ட தள்ளி விட்டான், கேட்டா சமைக்கறவன் சாதி சொன்னான். மேல இருந்தவரு பிரச்சன வேணாம்யா, சமைக்கறவன மாத்திருன்னாரு. நான் தான் போய் அந்த சமையக்காரன கூட்டிட்டு வந்து கூட்டற வேலைல விட்டேன். ஒரு வார்த்த பேசல, கரண்டிய கழுவி வெச்சிட்டு வந்தான். அப்ப எனக்கு நோம்புக்காரங்களுக்கு புளிசாதம் குடுத்ததும் இதுவும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது, அவனவன் நம்பிக்கைன்னு.

பேரன் 2024 அக்டோபர் 3 சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப படிச்சுக் காட்டினான், ஜெயில்ல சாதி பாக்கறத எதிர்த்து சுகன்யா சாந்தா போட்ட கேஸ். பழைய ஜெயில் விதிப் புத்தகங்கள்ல எழுத்துலயே இருந்திருக்கு மாப்ள, ராஜஸ்தான்ல சமையலுக்கு பிராமணன் இல்ல ஒசந்த சாதி இந்து, மேற்கு வங்காளத்துல தகுந்த சாதிக்காரன் சமைக்கணும், கூட்டற வேலைக்கு யாருன்னு சாதி பேரே போட்டிருக்கு. செல்லாதுன்னு அடிச்சிட்டாங்க. வெள்ளக்காரன் காலத்துலயே ஆரம்பிச்சது இது, முன்னாடி கைதி கைல காசு குடுத்து நீயே பொங்கித் தின்னுன்னு விட்டிருக்கான், 1840கள்ல பொதுச் சமையல் கொண்டு வந்ததும் கலவரம், 1855ல பீகார் முசாபர்பூர் ஜெயில்ல பித்தளை லோட்டாவ புடுங்கி மண் சொம்பு குடுத்ததுக்கு ஊரே தெரண்டு வந்துச்சு. அந்த பயத்துல தான் வளைஞ்சு குடுத்தே பழகிட்டாங்கன்னு நெனைக்கறேன்.

நீ ஹலால் கேட்டா உன் தட்டுல என்ன இருக்குன்னு கேக்கற, அவன் கேட்டது யாரு கை பட்டுச்சுன்னு. இது புரிய எனக்கு ரிட்டையர் ஆகி பேரன் வர வேண்டியிருக்கு. அந்த சமையக்காரன் பேரு கூட மறந்துபோச்சு, சுப்ரமணி பேரு மட்டும் ஞாபகம் இருக்கு பாரு.

அடுத்த மாசம் கீழக்கரை வரலாம்னு இருக்கேன். தங்கச்சிய தொதல் கிண்டச் சொல்லு, எனக்கு சுகர்னு அவகிட்ட சொல்லித் தொலைக்காத.

உன்,
ராசு