ஓட்டுப் போடாதவருக்கு ஒரு நன்றி

அமெரிக்காவில், டெக்சாஸில் எங்கள் ஊர் நகரசபைக்கு நான் தேர்வானது உறுதியாகி இரண்டு நாள் ஆகிறது. உடம்பில் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அந்த இரண்டு வாரம் என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்ப எழுதப் போவதில்லை. 'ராணுவத்தில் இருந்ததே பொய்' என்று யாரோ கிளப்பிவிட்டால், ராணுவத்திலிருந்து விடுவித்ததற்கான டிடி-214 காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகவா போக முடியும்? போனேன் என்பது வேறு விஷயம்.

ஆங்கில நன்றிக் கடிதம் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போய்விட்டது. அதில் ஒருவரைப் பற்றி எழுதவில்லை. "என்னைப் பற்றி ஒரு வரி வந்தாலும் அப்புறம் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். தமிழில் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

புயல் அடித்த மறுநாள் காலை. என் தேர்தல் பலகைகளில் பாதி மண்ணில் கிடந்தன. காற்று சாய்த்தது கொஞ்சம், ஆட்கள் சாய்த்தது கொஞ்சம். ஒரு சுத்தியலோடு தனியாகக் கிளம்பினேன். டெக்சாஸில் எங்கள் பெல் கவுண்டியின் கிழக்குப் பக்கம் அசல் கரிசல் மண். கோவில்பட்டிக்காரனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம்: வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் காலைப் பிடித்தால் விடாது. பூட்ஸில் காலுக்கொரு படி மண்ணோடு நான் கம்பியை அடித்துக்கொண்டிருந்தேன். அடிக்க அடிக்கச் சாய்ந்தது.

ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் வியட்நாம் போருக்குப் போய் வந்த பெரியவர். முன்னாள் படைவீரர் மன்றத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அவர் வீட்டு வாசலில் என்னை எதிர்த்து நின்றவரின் பலகை, ஜன்னலே தெரியாத அளவுக்கு. கையுறையை மாட்டினார். வண்டியிலிருந்து இரண்டு கைப்பிடி வைத்த கனமான இரும்புக் குழாயை இறக்கினார். வேலிக்கம்பத்தின் தலையில் கவிழ்த்து அடிப்பார்களே, அது.

"சுத்தியலைக் கீழே வையுங்க, சார்ஜண்ட்."

அந்த இரண்டு வாரத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. 'உங்களை நம்புகிறோம்' என்றவர்கள் நிறைய, எல்லோருக்கும் நன்றி. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூசியது. இவர் காகிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒன்பது மணி வரை அடித்தோம். ஓரிடத்தில் அவருடைய வேட்பாளரின் பலகையும் விழுந்து கிடந்தது. அதை முதலில் நட்டார், பிறகு என்னுடையதை. கிளம்பும்போது, "ஓட்டு உங்களுக்கு இல்லை. தண்ணீர்க் கட்டண விஷயத்தில் நீங்க சொல்றது தப்பு" என்றார். குழாயை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

2014-இல் மாணவர் விசாவில் இருந்த என்னை இந்த ராணுவம் எடுத்துக்கொண்டது, எனக்குத் தமிழ் தெரியும் என்பதால். தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரை ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட மாவ்னி (MAVNI) திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ஃபோர்ட் ஜாக்சன் ராணுவ முகாமில் பத்து வாரப் பயிற்சி, முடிவில் குடியுரிமை. அதன்பின் ராணுவம் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை கேட்டதில்லை! 2016-இல் அந்தக் கதவையும் மூடிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடந்த பையன்களை எனக்குத் தெரியும். என் பெயரைக் கெடுத்தபோது அவர்கள் முகம்தான் ஞாபகம் வந்தது.

சரி, மற்றவர்கள். ஆஸ்டினிலிருந்து புளியோதரையோடு வந்த குடும்பங்கள், தொலைபேசியில் தொண்டை கட்டியவர்கள், மே மாத வெயிலில் வாக்குச்சாவடிக்கு நூறு அடி தள்ளி, பிரச்சாரத் தடைக் கோட்டுக்கு வெளியே நாள் முழுக்க நின்றவர்கள், என்னைப் பொறுத்துக்கொண்ட மனைவி. தனித்தனியாக எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன்.

பதவிப் பிரமாணத்துக்கு முன்பு, ஓட்டுக்காகப் பணமோ பரிசோ கொடுக்கவில்லை என்று டெக்சாஸில் எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். நம்ம ஊர்க்காரர்கள் சிரிக்கலாம். புளியோதரை நான் கொடுத்ததல்ல, நான் வாங்கிச் சாப்பிட்டது.

முதல் கூட்டத்துக்கு முன் தண்ணீர்க் கட்டணக் கணக்கை மறுபடி உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். அவர் சொன்னது சரியென்றால் சபையிலேயே சொல்வேன்.

வரும் சனிக்கிழமை காலை பலகைகளைப் பிடுங்குகிறோம், எதிரணியுடையதையும் சேர்த்து. குழாயைத் திருப்பித் தர வேண்டும், அவரும் வருகிறார். வர முடிந்தவர்கள் கையுறை கொண்டுவாருங்கள். இந்த மடலைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதீர்கள்.