மறுநாள் காலையிலும் அந்தக் குதிரையைப் பாருங்கள்

நெடுந்தொலைவுக் குதிரை ஓட்டங்களை நடத்தும் குழுவினருக்கும் அவற்றில் பணியாற்றும் சக கால்நடை மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

சோதனை நிலையங்களில் ஸ்டெதஸ்கோப்புடன் நின்று பழகியவன் இதை எழுதுகிறேன். குதிரை வந்து நிற்கும். நாடி பார்ப்போம். பல போட்டிகளில் வரம்பு நிமிடத்துக்கு 64. குறித்த நேரத்துக்குள் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் ஈறின் நிறம், குடலின் இரைச்சல், கிள்ளிவிட்ட தோல் படியும் வேகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சிறிது தூரம் ஓடவிட்டு, நொண்டல் இல்லையென்றால் அனுப்பிவிடுவோம். பிட்டத் தசையை அழுத்திப் பார்த்து அட்டையில் ஒரு தரம் குறிப்பதும் உண்டு. ஆனால் பின்னால் பத்துக் குதிரைகள் காத்திருக்கும்போது அந்த அழுத்திப் பார்த்தல் வெறும் தட்டிக்கொடுத்தலாகச் சுருங்கிவிடுகிறது. நானும் அப்படித் தட்டிக்கொடுத்து அனுப்பியவன்தான்.

அவ்வாறு அனுப்பிய குதிரைகளில் ஒன்று 160 கிலோமீட்டரை முடித்து, இறுதிச் சோதனையிலும் தேறியது. நாடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து மணி நேரம் கழித்து லாயத்திலிருந்து ஆள் ஓடி வந்தார். போய்ப் பார்த்தால் குதிரை ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. பின்தொடைகள் பலகைபோல் இறுகிக் கிடந்தன. உடல் முழுக்க வியர்வை. சிறுநீர் கறுப்புக் காப்பியின் நிறத்தில் இருந்தது. இரவெல்லாம் ரத்தக் குழாய் வழியே திரவம் ஏற்றி அதைக் காப்பாற்றினோம். விடிந்த பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தேன். தசைக்கு நேரே, என் கையெழுத்தில், முதல் தரம்.

நாடியைப் பார்ப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. களைத்துப்போன குதிரையைக் கண்டுபிடிக்க அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் இதயம் கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். தசைக்கு அந்தக் கடிகாரம் பொருந்தாது. நெடுந்தொலைவு ஓடிய தசையில் சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜன் வற்றிவிடுகிறது. அது மீண்டும் நிரம்ப மனிதனுக்கு ஒரு நாள் போதும் என்றால், குதிரைக்கு 48 முதல் 72 மணி நேரம் வரை ஆகும். செலவாகும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுவதால், வேலை செய்யும் தசை உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறது. சுருங்கிய தசைநார் தளர வேண்டுமானால் அதற்குள் வந்த கால்சியத்தைத் திரும்ப உள்ளறைக்குள் இறைத்தாக வேண்டும். அந்த இறைப்புக்கும் ஆற்றல் தேவை. ஆற்றல் தீர்ந்த தசையில் கால்சியம் அங்கேயே தங்கிவிடுகிறது. நார் இறுகியபடியே நிற்கிறது. பிறகு அதன் சவ்வு கிழிந்து உள்ளிருப்பது ரத்தத்தில் கசிகிறது. கசிந்த மயோகுளோபின் என்ற தசைப் புரதம்தான் சிறுநீரைக் கறுப்பாக்குகிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கிறது.

ஓய்வு நாளிலும் தானியத்தைக் குறைக்காமல் கொடுத்து, மறுநாள் வேலைக்கு இறக்கியதும் இறுகிப்போகும் குதிரைகளைப் பழைய வண்டிக்காரர்கள்கூட அறிவார்கள். 'திங்கட்கிழமை நோய்' என்று அதற்குப் பெயரே இருந்தது. அது ஓட்டத்தின் தொடக்கத்தில் வரும், எல்லோர் கண்ணிலும் படும். நான் சொல்வது வறண்டு, உப்பிழந்து, சூடேறிய உடலில் கடைசிக் கட்டத்திலோ, எல்லோரும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும் வேளையிலோ வருவது.

ரத்தப் பரிசோதனைக்கும் தனிக் கால அட்டவணை உண்டு. தசை சேதமடைந்தால் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் ஏறுகிறது. அது உச்சத்தைத் தொடுவது நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து. சேதம் நின்றுவிட்டால் விரைவில் இறங்கியும் விடும். ஏ.எஸ்.டி. என்ற இன்னொரு நொதி ஏறத்தாழ ஒரு நாளில் உச்சம் கண்டு, வாரக்கணக்கில் மெல்ல இறங்கும். ஆகவே எல்லைக்கோட்டைத் தாண்டிய கையோடு ஒரு குழாய் ரத்தம் எடுத்து 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று எழுதுவது, சமையல் முடியுமுன் ருசி பார்ப்பது போன்றது.

இந்த நொதியின் எண்ணைத் தகுதி நீக்கத்துக்கான வரம்பாக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் செய்தால் அநியாயமாகிவிடும். நூறு மைல் ஓடி முடித்த நல்ல குதிரைக்கு நொதி சில ஆயிரங்களுக்கு ஏறியிருக்கலாம். அது தீவனம் தின்றுகொண்டு அமைதியாக நிற்கும். உண்மையில் தசை சிதைந்த குதிரையிடம் எண் பல்லாயிரங்களிலும் இலட்சங்களிலும் போகும். இடைப்பட்டவற்றில் ஒற்றை எண் எதையும் நிரூபிக்காது. ஒரே குதிரையின் எண்கள், போட்டிக்குப் போட்டி, அடுத்தடுத்து நின்றால்தான் பேசும். அரேபியக் குதிரைகள் சிலவற்றில் தசைநார்களுக்குள் டெஸ்மின் என்ற புரதம் கட்டிகட்டியாகத் திரளும் ஒரு நோய் இருக்கிறது. அவற்றில் நொதி பெரும்பாலும் அளவாகவே ஏறும். ஆனால் ஓட்டம் முடிந்தபின் இறுக்கம் திரும்பத் திரும்ப வரும். ஒற்றை நாளின் அட்டையை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

அப்புறம் தண்ணீர். 'அதுவே குடிக்கவில்லை, தாகம் இல்லை போலிருக்கிறது' என்ற பேச்சைச் சோதனை நிலையத்தில் கேட்காத நாள் இல்லை. வெயிலில் ஒரு குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் வியர்க்கும். நம் வியர்வை ரத்தத்தைவிட நீர்த்தது. குதிரையின் வியர்வையோ ரத்தத்துக்கு நிகரான, சில வேளை அதைவிட அதிகமான உப்புள்ளது. நீரும் உப்பும் சேர்ந்தே போவதால் ரத்தத்தின் உப்புச் செறிவு கூடுவதில்லை, தாகத்தைத் தூண்டும் மணி அடிப்பதில்லை. வற்றிப்போன குதிரையே தண்ணீர்த் தொட்டியைவிட்டு முகத்தைத் திருப்பும். கால்சியமும் குளோரைடும் குறைந்தால் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் விலாப்புறம் சேர்ந்து துள்ளும். அதைக் கண்டும் 'மூச்சு வாங்குகிறது' என்று விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கொள்ளைக் கண்டால் வாயைத் திறக்கும், கடிவாளத்தைக் கண்டால் வாயை மூடும் என்று குதிரையைக் கேலி செய்வோம். கொள்ளைக் கண்டும் வாய் திறக்காத குதிரைதான் என்னைப் பயமுறுத்துகிறது.

இப்படி வற்றி, தசை இறுகிப்போன குதிரைக்கு வலி மருந்தை முதலில் போட்டு, இறுக்கம் தளரட்டும் என்று நடத்திப் பார்க்கும் வழக்கத்தை உங்கள் விதிப்புத்தகமே தடுக்க வேண்டும். வறண்ட சிறுநீரகத்தின் மேல் மயோகுளோபினும் வலி மருந்தும் ஒன்றாக விழக் கூடாது, முதலில் திரவம். கிழிந்த தசையை நடக்கவைப்பது கிழிசலை அகலமாக்குவதுதான். சூடான பிட்டத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பயத்தையும் இனியாவது விட்டுவிடலாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை முன்னிட்டு நடந்த ஆய்வுகளே அதைத் தீர்த்துவைத்துவிட்டன.

நான் கேட்பது இதுதான். ஓட்டத்தை முடித்த குதிரை, இடையில் விலக்கப்பட்ட குதிரை என்று வேறுபாடு பாராமல், ஆறாவது மணி நேரத்தில் ஒருமுறை, மறுநாள் காலை வண்டியில் ஏற்றுமுன் ஒருமுறை பாருங்கள். சிறுநீரின் நிறம், தீவனத்தில் நாட்டம், தொடைகளின் இறுக்கம், பத்தடி நடை. சந்தேகம் இருந்தால் மட்டும் ரத்தம். இந்தக் குறிப்புகள் குதிரையின் அடையாள ஏட்டோடு அடுத்த போட்டிக்கும் போகட்டும். விலக்கப்பட்ட குதிரையை உடனே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும் உரிமையாளர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மிகவும் கவனிக்க வேண்டிய குதிரை அதுதான். யார் கண்ணிலும் படாமல் போய்விடுவதும் அதுதான்.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்பீர்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் 1955-இல் தொடங்கிய டெவிஸ் கோப்பை ஓட்டத்தில், முதலில் வந்த பத்துக் குதிரைகளுள் மிக நல்ல உடல்நிலையில் உள்ளது எது என்று தீர்மானித்து ஹாகின் கோப்பையைக் கொடுக்கிறார்கள். அதற்கான சோதனை ஓட்டத்துக்கு மறுநாள்தான். பரிசுக்காக முதல் பத்தின் மேல் விழும் அந்தப் பார்வை, பதினொன்றாவதாக வந்த குதிரையின் மேலும் விழக் கூடாதா?

தசையைத் தேய்ப்பதற்கே இந்த விளையாட்டு இருக்கிறது என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பழக்கிய குதிரையின் தசையில் ரத்த நுண்குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரிக்கும் திறன் கூடுகிறது. அப்படிப்பட்ட குதிரை மலையேறுவதைப் பார்ப்பதற்காகத்தான் நானும் இத்தனை ஆண்டுகளாக வருகிறேன். சமதளப் பாதைகளில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் மேலான சராசரியில் விரட்டுவது வேறு கதை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அடுத்த பருவத்தின் முதல் போட்டியில் இதைச் சோதித்துப் பார்ப்பதாக இருந்தால், மறுநாள் காலை ஆறு மணிக்கு லாயத்தில் நிற்க நான் தயார். ஊதியம் வேண்டாம். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வாளியும் வெளிச்சமான ஓர் இடமும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
சோதனை நிலையத்தில் உங்களோடு நின்ற ஒரு கால்நடை மருத்துவர்