டவுன்லேண்ட் என்றால் என்னவென்று கேட்டாயே

அன்புள்ள கண்ணு,

பார்சல் வந்து சேர்ந்தது. பருப்புப் பொடி சிந்தாமல் வந்திருக்கிறது, முறுக்கு மட்டும் பாதி நொறுங்கிவிட்டது, அதையும் ஸ்பூனில் அள்ளித் தின்றுவிட்டோம். கதவு எண்ணும் தெருப் பெயரும் போடாமல் ஃபாரத்தை ஏற்கவில்லை என்று நீயாக 1, மெயின் ரோடு என்று போட்டாயே, இங்கே அயர்லாந்துக் கிராமத்தில் அப்படி ஒன்று கிடையாது. போஸ்ட்மேன் அதற்குக் கீழே இருந்த டவுன்லேண்ட் பெயரைப் பார்த்து நேராக வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டார். அது என்ன டவுன்லேண்ட், டவுனும் இல்லை ஒன்றும் இல்லை என்று போனில் கேட்டாய், அப்போது எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. இன்றைக்கு லீவு, வெளியே மழை, உட்கார்ந்து எழுதுகிறேன்.

டவுன்லேண்ட் என்பது நம் ஊரில் காட்டுக்கும் தோட்டத்துக்கும் பெயர் வைத்திருப்போமே, அதற்குக் கொஞ்சம் பெரிது, வருவாய்க் கிராமத்துக்குச் சிறிது. ஐரிஷ் மொழியில் பாலியா ஃபாரின் என்பார்கள். அயர்லாந்துத் தீவு முழுக்க 60,000க்கும் மேல் இருக்கின்றன, சராசரியாகப் பார்த்தால் ஒன்று 300 ஏக்கர் சுமாருக்கு வரும். ஆனால் சில ஒரு தோப்பு அளவுதான், இதே மேயோ மாவட்டத்தில் ஷெஸ்கின் என்று ஒன்று 7,000 ஏக்கருக்கு மேல், முழுக்க ஈரச் சதுப்பு. எல்லை என்பது பெரும்பாலும் ஓர் ஓடை, ஒரு பழைய கல்வேலி, இல்லாவிட்டால் மலை முகடு. கிராமப்புறத்தில் தெருப்பெயரும் இல்லை வீட்டு எண்ணும் இல்லை. ஒரே டவுன்லேண்டில் ஒரே குடும்பப் பெயரில் நாலு வீடு இருந்தால் நாலு பேருக்கும் ஒரே முகவரிதான். நாட்டில் மூன்றில் ஒரு பங்கு முகவரிகள் இப்படித்தான் இருந்தன. 2015இல் ஏர்கோடு என்று வீட்டுக்கு வீடு எழுத்தும் எண்ணும் கலந்த ஏழு இடக் குறியீடு கொடுத்தார்கள். இருந்தும் இங்கே யாரும் தன் ஊரை ஏர்கோடில் சொல்லமாட்டார்கள். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், நேற்று என்ன சாப்பிட்டார் என்பது நினைவில்லை, எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் சட்டென்று டூவா என்பார். அக்கில் தீவு என்றோ மேயோ என்றோ சொல்லமாட்டார், டூவா, அவ்வளவுதான்.

அவர் சொல்லிச் சொல்லித்தான் நானும் அப்பாவும் போன மாதம் அக்கிலுக்குப் போனோம். தீவு என்றாலும் கார் போகும், பாலம் இருக்கிறது. முதல் பாலம் 1887இல் கட்டியது, மைக்கேல் டேவிட் பெயரில். அவர் இதே மேயோவில் ஸ்ட்ரேடு என்ற ஊரில் பிறந்தவர், நாலு வயதில் குடும்பத்தோடு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர், பின்னாளில் குத்தகைக்காரர்களுக்காக நிலச் சங்கம் தொடங்கியவர். தீவின் நடுவில் ஸ்லீவ்மோர் என்ற மலை, 670 மீட்டர் சொச்சம். ஐரிஷில் 'ஸ்லீவ்' மலை, 'மோர்' பெரியது, நம் பெரியமலை போலத்தான். அந்த மலையின் பெயரேதான் அந்த டவுன்லேண்டுக்கும். தெற்குச் சரிவில் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு, பழைய பாதை ஒன்றை ஒட்டி, கூரையில்லாத கல்வீடுகள் 80, 100 வரை வரிசையாக நிற்கின்றன. ஒன்றிலும் ஆள் இல்லை, உள்ளே புல்லும் செம்மறி ஆடுகளும்தான்.

அந்த வீடுகளைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கியே கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே அறை, ஒரு முனையில் அடுப்பு, மறு முனையில் மாடு. சில சுவர்களில் மாட்டைக் கட்டுகிற வளையம் வைத்த கல்லை இன்னும் பார்க்கலாம். வீட்டுக்குள்ளேயே கட்டுத்தறி! குளிர் காலத்தில் மாட்டின் சூடும் வீட்டுக்கு ஆயிற்று. நான் அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன், அப்பா கூப்பிட்டுக்கூட நகரவில்லை. வீட்டுக்குக் கீழே பார்த்தால் சரிவு முழுக்கச் சீப்பால் வாரியது போல் மேடும் பள்ளமுமாகக் கோடுகள், எல்லாம் உருளைக்கிழங்குப் பாத்தி. கடற்பாசியை முதுகில் கூடை கூடையாகச் சுமந்து வந்து மண்மேல் பரப்பி, இரண்டு பக்கமும் மண்வெட்டியால் புல்லோடு பெயர்த்துக் கவிழ்த்து மேடாக்கி, அதில் கிழங்கு நட்டிருக்கிறார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'சோம்பேறிப் பாத்தி' என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் சரிவில் ஒரு தடவை ஏறிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நிலம் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, ஜமீன்தார் போல மேலே ஒருவர், கீழே எல்லாரும் குத்தகை. ஊரே சேர்ந்து குத்தகை எடுத்து, நல்ல மண் கெட்ட மண் எல்லாருக்கும் கலந்து வருகிற மாதிரி துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வார்கள், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியும் கொள்வார்கள். ரன்டேல் என்று பெயர். பிள்ளைகளுக்குப் பிரிக்கப் பிரிக்கத் துண்டு சிறுத்துக்கொண்டே போனது. சிறிய துண்டில் ஒரு குடும்பம் பிழைக்க உருளைக்கிழங்கை விட்டால் வேறு பயிர் இல்லை. 1845இல் அதில் பூஞ்சை நோய் விழுந்தது, அடுத்தடுத்த வருடங்களிலும் விட்டபாடில்லை. பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறினார்கள். அக்கிலில் அந்த நேரத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. எட்வர்ட் நாங்கிள் என்ற புராட்டஸ்டண்ட் பாதிரியார் 1830களில் இதே மலையின் இன்னொரு பக்கம், டூகொர்ட்டில், ஒரு மிஷன் தொடங்கியிருந்தார். பள்ளி, அச்சுக்கூடம், அநாதை இல்லம் எல்லாம் இருந்தன. பஞ்சத்தில் மிஷன் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைத்தது, சோற்றைக் காட்டி மதம் மாற்றினார்கள் என்ற பேச்சு இன்னும் அடங்கவில்லை. நிறைய உயிரைக் காப்பாற்றினார்கள் என்பவர்களும் உண்டு. என்னால் இதில் ஒரு பக்கம் பேச முடியவில்லை கண்ணு, பசித்த பிள்ளைக்கு யார் கொடுத்தாலும் சோறு சோறுதான், ஆனால் கொடுக்கும்போது கேட்டதும் கேட்டதுதான். 1850களின் தொடக்கத்தில் தீவின் பெரும்பகுதியை அந்த மிஷனே விலைக்கு வாங்கியது.

அப்புறம்தான் ஸ்லீவ்மோர்க்காரர்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கினார்கள், கடலோரம் டூவாவுக்கு. அங்கே மீனும் பாசியும் பக்கத்தில். சுற்றுலா வருகிறவர்கள் 'பஞ்சத்தில் செத்த ஊர்' என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், அது பாதிதான் உண்மை. இறங்கிப் போனவர்கள் வீட்டை விட்டார்கள், இடத்தை விடவில்லை. ஒவ்வொரு கோடையிலும் டூவாவிலிருந்தும் பொல்லாவிலிருந்தும் மாட்டை ஓட்டிக்கொண்டு மேலே வந்து, பாட்டன் வீட்டுக்கே கூரை போட்டுக்கொண்டு தங்கி, பால் கறந்து வெண்ணெய் எடுத்து, குளிர் வருமுன் இறங்கிவிடுவார்கள். பூலி என்று பேர். பெரும்பாலும் வயசுப் பெண்கள்தான் தங்குவார்களாம். அயர்லாந்தில் பெரும்பாலான இடங்களில் இந்த வழக்கம் நின்றுபோன பின்னும் இங்கே 1940கள் வரை நடந்திருக்கிறது. எங்கள் இல்லத்துப் பாட்டியின் அம்மா சிறுமியாகப் போயிருக்கிறார். அங்கே பயமாக இருக்காதா என்று கேட்டேன். பாட்டி என்னைப் பார்த்து, பயமா, அம்மாவுக்கு அதுதான் வருடத்திலேயே நல்ல நாள், என்றார்.

மற்ற நாளெல்லாம் பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்துக்குப் போவது, உருளைக்கிழங்கு தோண்ட, பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் உட்பட. 1894 ஜூனில் அப்படிப் போக வெஸ்ட்போர்ட் கப்பலுக்குப் படகில் புறப்பட்டவர்களில் 30க்கும் மேல் பேர் மூழ்கிப்போனார்கள். அக்கிலுக்கு அப்போதுதான் ரயில் பாதை போட்டு முடித்திருந்தார்கள், முறையாகத் திறக்கவும் இல்லை, முதல் ரயிலில் வந்தது அந்த உடல்கள். 1937 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிர்கின்டிலாக்கில், பூட்டிய கொட்டகையில் தூங்கிய பத்துப் பையன்கள் தீயில் போனார்கள், அவர்களும் அதே ரயிலில் வந்தார்கள். அந்த மாதக் கடைசியோடு பாதை மூடப்பட்டது. அக்கிலின் கில்டாவ்னெட் இடுகாட்டில் இரண்டு கூட்டத்துக்கும் கல் இருக்கிறது. நீ எட்டாவது முடித்த வயசு சிலதுகளுக்கு. அதை வாசித்துவிட்டுக் காருக்கு வந்து உட்கார்ந்தவள் பாலம் தாண்டும் வரை பேசவில்லை.

இந்த மலையை 1830களில் சர்வே செய்து ஒவ்வொரு டவுன்லேண்டுக்கும் கோடு போட்டவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லணும், உனக்குப் பிடிக்கும். தாமஸ் கால்பி என்பவர் தலைமையில் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் நாடு முழுக்க அளந்தார்கள். வெயிலில் நீளாமலும் குளிரில் சுருங்காமலும் இருக்க இரும்பும் பித்தளையும் சேர்த்து அவர் ஓர் அளவுகோல் செய்தார். 1829இல் ஜார்ஜ் எவரெஸ்ட் இங்கே வந்து அதைப் பார்த்து, அதே மாதிரி கோல்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். சென்னையில் பரங்கிமலையில் ஆரம்பித்த சர்வேயின் பிற்பகுதி அந்தக் கோலால்தான் அளந்தது. அப்புச்சி அந்தக் காலத்து நில வரைபடத்தைப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருப்பாரே, அது நினைவுக்கு வந்தது.

சரி, அப்புச்சி வீடு பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். விற்பதா வேண்டாமா என்று இப்போது முடிவு செய்ய வேண்டாம். சாவி பக்கத்து வீட்டு அத்தையிடம் இருக்கிறது. பொங்கலுக்கு நாலு நாள் லீவு வரும் அல்லவா, போய்க் கதவைத் திறந்து வை, கட்டுத்தறி ஓட்டில் எத்தனை மாற்றணும் என்று எண்ணிச் சொல், கிணற்று மோட்டார் ஓடுகிறதா பார், இரண்டு ராத்திரி அங்கேயே படு. கொசுவலை பரண்மேல் இருக்கும். அடுத்த பார்சலில் முறுக்கை டப்பாவில் போட்டு அனுப்பு.

அன்புடன்,
அம்மா