செயலாளரின் ஆண்டறிக்கை: இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்காக நாம் கேட்டதும் செய்ததும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கம் கேட்டது ஒன்றுதான். இதயச் செயலிழப்பு என்பது உடலுக்குப் போதிய ரத்தத்தை அனுப்ப முடியாமல் இதயம் பலவீனப்படும் நோய். அந்த நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் வரும் முதல் இரண்டு வாரத்துக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அது அடிப்படையில் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தவருக்கானது. வீட்டில் தினமும் விழுங்கும் மாத்திரைச் செலவு அதில் அடங்காது. 53 மருத்துவமனைகளில் 10,851 பேரைப் பின்தொடர்ந்த, இந்த நோய்க்கான தேசியப் பதிவேட்டில், 90 நாளுக்குள் நூற்றுக்கு 14 பேர் இறந்திருக்கிறார்கள். பதிவேட்டில் உள்ள நோயாளிகளின் சராசரி வயது 60. மேற்கு நாடுகளில் இந்த நோய் எழுபதைத் தாண்டியவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது; இங்கே உழைத்துக்கொண்டிருப்பவர்களைச் சாய்க்கிறது.

நம் முதல் மனு தவறிப்போனது. "இதய நோயாளிகளுக்குச் சிறந்த சிகிச்சை வேண்டும்" என்று பொதுவாக எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்ற பதிலோடு அது நின்றுவிட்டது. அரசு மருத்துவமனைகள் ஒரே கதவுக்குள் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன். வட்ட மருத்துவமனைகளுக்கு நலப்பணிகள் இணை இயக்குநர். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பொது சுகாதாரத் துறையின் மாவட்ட அலுவலர். எந்த மாத்திரையை வாங்குவது என்பதோ சென்னையில் முடிவாகிறது. ஆகவே மனுவைப் பிரித்து, ஒரு கோரிக்கைக்கு ஒரு தாள் என்று மீண்டும் எழுதினோம்.

டீன் அலுவலகத்துக்கான தாளில், டிஸ்சார்ஜ் சம்மரியோடு தமிழில் ஒரு பக்கம் தரும்படி கேட்டிருக்கிறோம். வீடு திரும்பும் அன்றைய எடை, எக்கோ ஸ்கேனில் கண்ட இதயத்தின் பம்பிங் அளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், ரத்தத்தில் பொட்டாசியம், 7 முதல் 14 நாளுக்குள் மறுபடி வர வேண்டிய தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். இவை இல்லாததால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கும் மருத்துவர் மருந்தைக் கூட்டத் தயங்குகிறார். இந்த நோய்க்குத் தரும் கார்வெடிலால் மாத்திரை 3.125 மில்லிகிராமில் தொடங்கி, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் இடம் கொடுத்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்க வேண்டிய மருந்து. தொடங்கிய அளவிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கிற சீட்டுகள்தான் நம் உதவி மேசைக்கு அதிகம் வந்தன.

மாவட்ட அலுவலருக்கான தாள் மக்களைத் தேடி மருத்துவம் பற்றியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அத்திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டம் மாரடைப்புக்கு உரியது. இதயச் செயலிழப்பு இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. வருகிறவர் எடையையும் கால் வீக்கத்தையும் சேர்த்துக் குறித்துப்போனால் போதும். புதிய ஆள் தேவையில்லை.

எடை பார்க்கும் பணியில் நாமும் கற்றுக்கொண்டோம். 100 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் மெஷினைச் சுழற்சியில் கொடுத்தோம். நாகலூர் பக்கத்து வீடுகளில் ஒரே ஆளுக்கு ஒரே காலையில் வேறுவேறு எடை காட்டியது. காரணம் சாணம் மெழுகிய மேடுபள்ளத் தரை. மெஷினுக்கு அடியில் சமமான கடப்பைக் கல் வைத்ததும் சரியானது. எழுந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுமுன், தினமும் ஒரே கனமுள்ள உடையில் ஏற வேண்டும். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, மூன்று நாளில் 2 கிலோவோ கூடினால் அது சதை அல்ல, நீர். மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மலையிலிருந்து வருகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவு பஸ் பயணத்துக்குப் பயந்து, அடிக்கடி சிறுநீர் போகவைக்கும் நீர் மாத்திரையை அன்று விட்டுவிடுகிறார்கள். இரவில் படுக்க முடியாமல் போகிறது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, விடாமல், வீடு சேர்ந்ததும் போட்டுக்கொள்ளலாம். ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே வாரம் ஒருநாள் இதற்கான பிரிவு வேண்டும் என்று கேட்பதற்கும் இதுவே முதல் காரணம்.

சமையல் வகுப்பில் ஊறுகாய், கருவாடு, தட்டுவடை செட் பற்றிப் பேசியதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. இந்த நோய்க்குத் தரும் ஸ்பைரனோலாக்டோனும் எனலாப்ரிலும் சாப்பிடுகிறவருக்கு அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குலைக்கும். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக்கும் வேண்டாம். உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும்.

மாத்திரை இருப்பை அறியத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கிறோம். "ஏன் மாத்திரை இல்லை?" என்று கேட்டால் பதில் வராது, அச்சட்டம் தருவது ஆவணம். டாபாகிளிப்ளோசின் 10 மில்லிகிராம், ஸ்பைரனோலாக்டோன் 25 மில்லிகிராம் என்று பெயரும் அளவும் குறித்து, கடந்த 12 மாத இருப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு.

வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அடுத்த கிராம சபைக்கான தீர்மான மாதிரி வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. ஊர்ப் பெயரை நிரப்பி, இரண்டு படியாக எடுத்துச்செல்லுங்கள். ஒன்று ஊராட்சிக்கு, மற்றது அவர்கள் கையொப்பத்தோடு நம் கோப்புக்கு.

இவண்,
செயலாளர்