பாடகர் சங்கத்தின் 2025-ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, ஆயர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களுக்குப் பதிலாக வந்திருக்கும் வீட்டாரே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

கூட்டம் மாலை 4 மணிக்கு என்று மூன்று ஞாயிறு அறிவிப்பில் வாசித்தாயிற்று. கோரம் சேர்ந்தது 4.50-க்கு. தட்டுவடை செட் வந்து இறங்கியது 4.45-க்கு. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நான் கேட்கவில்லை.

குருத்தோலை ஞாயிறு பவனியில் பாடினோம். புனித வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு பாட்டு. ஐந்தாம் வார்த்தையில் மைக் போய்விட்டது. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தோம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சங்கத்தின் பங்கு ஒரு பூசணிக்காய். யாரும் கேட்காததால் செயலாளரே எடுத்தேன். கேரல் ரவுண்டு நான்கு இரவு, நம் சேலத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து சூரமங்கலம் வரை. வேன் வாடகையைப் பொருளாளர் சொல்வார்.

இனி நான் எழுந்து நின்றதற்கான காரியத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்டு மாதம் ஆயரம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 93. அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம் என்று சங்கத்தின் பழைய மினிட் புத்தகங்களைப் புரட்டினேன். அவர் கணவர் இங்கே ஆயராக இருந்த வருடங்களின் அறிக்கைகளில் இப்படி இருக்கிறது: “ஆயர் அவர்களின் முயற்சியால் பாடகர் குழு செம்மையுற்றது.” அடுத்த வருடம்: “ஆயர் அவர்களின் வழிகாட்டுதலில் நான்கு குரலில் பாடினோம்.” அந்த ஆயர் நல்ல பிரசங்கியார், நல்ல மனிதர். ஆனால் ஞானப்பாட்டின் முதல் அடியையே அவர் மூன்று சுருதியில் பாடுவார் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். நான்கு குரலையும் பிரித்து, ஆல்ட்டோவை ஒரு மூலையிலும் பேஸை ஒரு மூலையிலும் நிறுத்தி, வெங்காயம் உரித்துக்கொண்டே காதால் பிழை பிடித்தவர் இந்த அம்மா. அவரைப் பற்றி மினிட்டில் உள்ளது ஒரே வரி, வருடா வருடம்: “ஆயர் துணைவியார் சிற்றுண்டி வழங்கினார்.”

பழைய செயலாளர்களைக் குறை சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பிறகு என்னுடைய ஆறு அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் காபிக்கு நன்றிதான் இருக்கிறது.

ஆகவே இது அறிக்கை பாதி, திருத்தம் பாதி. நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் உருவானபோது அவருக்கு 15 வயது. லண்டன் மிஷனரி சங்கம், அதாவது எல்.எம்.எஸ். மிஷன், 1827-இலேயே வந்து இறங்கிய ஊர் இது. ராக தாளத்தோடு பாடும் கீர்த்தனைக்குப் பழகிய அந்தச் சபையாரும், மேல்நாட்டு மெட்டு ஞானப்பாட்டுகளான பாமாலைக்குப் பழகிய ஆங்கிலிக்கன் சபையாரும் ஒரே திருச்சபைக்குள் வந்தார்கள். “ஒரு பக்கம் தாளம் போடுவாங்க, ஒரு பக்கம் புத்தகத்தை விட்டுத் தலை தூக்க மாட்டாங்க கண்ணு, நடுவுல நாங்க சின்னப் பிள்ளைங்க” என்பார். அப்பாசாமி பேராயர் காலத்தில் (1950–59) கல்யாணம். அதன் பிறகு எட்டு ஊர். ஆயருக்கு மாற்றல் உத்தரவு வரும். லாரியில் கட்டில், பீரோ, அரிசி டின் ஏறும். புது ஊரில் அம்மா மறுபடி முதல் பாடத்திலிருந்து பாடகர் குழு கட்டுவார். நான்கு வருடத்தில் பையன்கள் ஒழுங்காக டெனர் பாடத் தொடங்கும்போது அடுத்த உத்தரவு வரும். எட்டு முறை இப்படி. சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. ஆயர் ஓய்வு பெற்றதும் போதகர் இல்லத்தைக் காலி செய்துவிட்டு அஸ்தம்பட்டியில் வாடகை வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் இருந்தவை 11 நோட்டுப் புத்தகங்கள்.

அந்த நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஞானப்பாட்டுக்கு டோ ரே மி, கீர்த்தனைக்கு ச ரி க ம. ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கும். டோ ரே மி முறையைப் பற்றி அவருக்கு ஒரு சிரிப்பு உண்டு. இங்கிலாந்தில் சாரா கிளவர் என்ற பெண்மணி சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்காக உண்டாக்கிய முறை அது. ஜான் கர்வன் என்ற போதகர் அதை எடுத்து விரித்து உலகமெல்லாம் பரப்பினார். பெயரும் அவருக்கே நின்றது. “பார்த்தியா தம்பி, அங்கேயும் அப்படித்தான்” என்பார். நான் அப்போது காபி குடித்துக்கொண்டிருந்தேன். விஷயம் புரிந்தது இந்த ஆகஸ்டில்தான்.

மலை மேல் இருந்த வருடங்களைத்தான் அதிகம் சொல்வார். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போனாராம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகும் மாதங்கள்தான் அங்கே காபிப் பழம் பறிக்கும் மாதங்களும். பகலெல்லாம் பறித்து, எடை போட்டு, கூலிக் கணக்கு முடித்துத்தான் பெண்கள் வருவார்கள். அம்மா பயிற்சி நேரத்தை எடை போடும் நேரத்துக்குப் பின்னால் தள்ளினார். கை விரலெல்லாம் காபிக் கறையோடு பாடிய அந்தக் குழுவைப் போல் சேலத்தில் ஒன்று அமையவில்லை என்பது அவர் தீர்ப்பு. எனக்கு அதில் வருத்தம்தான்.

கீர்த்தனை பாடும்போது ஆர்கனில் பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டு போட மாட்டார். ஒற்றை விரல் ஓட்டம், கீழே சுருதி, அவ்வளவுதான். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் பெட்டிக்குள் அடங்காது என்று அவருக்குத் தெரியும். அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்து 1971 வரை உள்ளே விடவில்லையே, அதைச் சொல்லி யாராவது வம்புக்கு இழுத்தால், “ரேடியோ சொன்னது பாதி சரி, ஆனா ரேடியோவுக்குச் சபையாரைப் பாட வைக்கிற வேலை இல்ல” என்பார். ஈரோட்டில் எல்.எம்.எஸ். மிஷனரியாக இருந்த பாப்லி துரை கர்நாடக சங்கீதம் கற்றதைப் பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி சொல்லி, “வெள்ளைக்காரர் கத்துக்கிட்டார், உனக்கு என்ன கேடு?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார். பாட்டை இழுத்தால் மட்டும் பொறுக்க மாட்டார். அடக்க ஆராதனைப் பயிற்சியில் ஒருநாள்: “இப்படி இழுத்தா பெட்டி உங்களுக்கு முன்னாடி கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துடும்.”

இப்போது ஆர்கன் விவகாரம். செயற்குழுவில் இரண்டு பேர் கேள்வி கேட்டிருப்பதால் முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் ஆலயத்தின் கால் ஆர்கன் அம்மா வாசித்தது. நமக்குக் கீபோர்டு வந்த பிறகு அதன் மேல் பூந்தொட்டி வைத்திருந்தோம். பிப்ரவரியில் அம்மா பார்க்க வந்து, மூடியைத் திறந்து, ஒன்றும் பேசாமல் தொட்டியை மட்டும் எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே பழுது பார்க்க முடிவு செய்தேன். தீர்மானம் போடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வெளியூர் ஆள் ஒருவர் 7,000 முன்பணம் வாங்கித் துருத்தியைப் புதுப் பசையில் ஒட்டிக் கொடுத்தார். பழைய வேலையெல்லாம் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசை. சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும், பிரித்து மறுபடி ஒட்டலாம். இந்தப் பசை மரத்தையே பிய்த்துக்கொண்டு வந்தது. ஒரு மாதத்தில் காற்று ஒழுகியது. அந்த 7,000 போனது போனதுதான். பிறகு நம் ஊரிலேயே ஒரு பெரியவர், ஆர்மோனிய வேலை செய்பவர், வந்து உட்கார்ந்தார். ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாக உருவி, சுருதி ஏற வேண்டியதை நுனியில் சுரண்டி, இறங்க வேண்டியதை அடியில் சுரண்டி, பதினோரு நாள். ஈரம் பிடிக்காமல் உள்ளே ஒரு சின்ன பல்பு எரிய விடச் சொன்னார். ஏற்காட்டில் அம்மா அந்தக் காலத்திலேயே செய்த வேலை அது. மொத்தச் செலவு 18,500. அதில் பெரும் பகுதி காணிக்கையிலும், மீதி வேறு வகையிலும் சரிக்கட்டப்பட்டது. வேறு வகை என்பது நான்.

ஜூலை முதல் ஞாயிறு அம்மா அதில் வாசித்தார். கால் நடுங்கியது. குரலை நடுங்க வைக்கும் வாக்ஸ் ஹியூமானா குமிழை நான் ஆசையாக இழுத்தேன். “அழுமூஞ்சி ஸ்டாப்பு, உள்ளே தள்ளு” என்றார். கீபோர்டில் பொத்தானை அமுக்கினால் தாளம் தானாக ஓடும். சபையார் மூச்சு வாங்கும் வரை அது நிற்காது. அம்மா ஒவ்வொரு அடிக்கும் முடிவில் சபையாருக்கு மூச்சு விட இடம் கொடுத்து வாசித்தார். அன்றைக்கு எல்லாரும் கடைசிச் சரணம் வரை பாடினார்கள். ஏழு வாரம் கழித்து அடக்கம்.

பதிவேட்டில் பாடகர்கள் 41 பேர். சனிக்கிழமைப் பயிற்சிக்கு வருவோர் 9 பேர், நான் உட்பட. அடக்க ஆராதனைக்கு அங்கி கேட்டு வந்தவர்கள் 33 பேர். தம் அடக்கத்துக்கு மூன்று பாட்டும் சுருதியும் அம்மா முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார், கீழே “இழுக்காதீர்கள்” என்று அடிக்கோடும் போட்டு. இழுத்தோம். அன்று கொடுத்த அங்கிகளில் 6 இன்னும் திரும்பவில்லை. வெள்ளை அங்கி வீட்டில் எதற்குப் பயன்படும் என்று தெரியவில்லை.

சந்தா மாதம் 50 ரூபாய். ஒரு வேளைத் தட்டுவடை செட்டுக்கும் காபிக்கும் ஆகிற காசு. கணக்கைச் சரிபார்த்தபோது பொருளாளரும் நானும் ஒன்று கண்டோம். நிலுவை இல்லாதவர் ஒரே ஒருவர். 2026 மார்ச் வரை கட்டியிருக்கிறார். அவர் உறுப்பினரே அல்ல. ஆயர் குடும்பத்துக்குச் சந்தா கிடையாது என்ற பழைய விதிப்படி அம்மாவைப் பதிவேட்டில் சேர்க்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு மாதா மாதம் அவர் கொடுத்த ஐம்பதை ‘நன்கொடை’ என்ற கட்டத்தில் எழுதி வந்திருக்கிறோம். செயற்குழுவின் அனுமதியோடு, இந்த முறை அனுமதி வாங்கித்தான், 42-ஆவது பெயராக அவரைச் சேர்த்திருக்கிறேன். பெயர் என்ன என்று இளையவர்கள் என்னைக் கேட்கிறார்கள். நாற்பது வருடம் ஆயரம்மா என்றே கூப்பிட்டுவிட்டோம். பதிவேடு மேசை மேல் இருக்கிறது, புரட்டிப் பார்க்கலாம். அதற்கு முந்தைய பக்கம் நிலுவைப் பட்டியல்.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக உள்ளது. விவரம் பொருளாளர் தாளில்.

ஆயர் அவர்களுக்கும், பெண்கள் ஐக்கியத்தாருக்கும், மைக் செட் தம்பிக்கும், ஆலயப் பணியாளர்களுக்கும் நன்றி. சிற்றுண்டிக்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் இந்த வருடம் எழுத ஆள் இல்லை, கடையில் வாங்கினோம்.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கு இல்லை. வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். சென்ற வருடமும் இதையே சொன்னேன், முன்வந்தவர் யாரும் இல்லை. 11 நோட்டுகளையும் அம்மாவின் மகள் நம்மிடம் கொடுத்திருக்கிறார். ஆர்கன் கற்க இதுவரை வந்திருப்பது எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று. கால் எட்டவில்லை, நாற்காலி நுனியில் உட்கார்ந்து மிதிக்கிறது. சனிக்கிழமை மாலை 5.30. சாவி என்னிடம் இருக்கிறது. அங்கி வைத்திருப்பவர்கள் அதையும் அன்றைக்கே கொண்டு வரலாம், துவைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
செயலாளர்