உன் வலைப்பூவுக்கு ஆள் வரவில்லையா? ரங்கூனிலிருந்து ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வியாசர்பாடியில் வெயில் தாங்க முடியவில்லை என்று நீ புலம்பியிருந்ததைப் படித்துவிட்டு வீட்டுக்காரி, "அங்க ஃபேனாவது சுத்துதே" என்றாள். இங்கே கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது, அது வரும் நேரத்துக்குள் தண்ணீர் ஏற்றி, செல்போனுக்குச் சார்ஜ் போட்டு, துணியையும் தேய்த்துவிட வேண்டும், இந்தக் கடிதத்தைக்கூட அப்படிக் கிடைத்த நேரத்தில்தான் அடிக்கிறேன். பையன் ஜப்பானுக்குப் போகிறேன் என்று அந்த மொழி படித்துக்கொண்டிருக்கிறான். மற்றபடி எல்லாரும் நலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு எழுதியும் படிக்க ஆளே இல்லை, பேசாமல் சினிமா விமர்சனம் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடாதே. சென்னையில் உட்கார்ந்துகொண்டு படத்தைப் பற்றி எழுத உன்னை விட்டால் ஆள் இல்லையா? இடைவேளையிலேயே தியேட்டர் வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் ரங்கூனில் பிறந்து வளர்ந்து, கடை வைத்துக் கெட்டு, மொழியும் தெருவும் ஞாபகம் இருக்கிற ஒருவன் தமிழில் உட்கார்ந்து எழுதுவது எத்தனை இடத்தில் நடக்கிறது? உன் ஆட்கள் யார் என்று முதலில் முடிவு செய். 1964-இல் பர்மா அரசு கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறிப் போன குடும்பங்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன, மணிப்பூர் எல்லையில் மோரேயிலும் இருக்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தாத்தா சொன்ன ஒரு தெருப் பெயரை வைத்துக்கொண்டு கூகிளில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை வந்து கதவைத் தட்டும்போது உன் வீட்டில் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். ஊர் முழுக்க வரவேண்டிய அவசியம் இல்லை.

நீ எழுதியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது 1987 செப்டம்பரில் பர்மா அரசு 25, 35, 75 கியாட் நோட்டுகளைத் திடீரென்று செல்லாது என்று அறிவித்த கதைதான். மாற்றிக்கொள்ளக்கூட விடவில்லையே. உன் அப்பா அந்த நோட்டுக் கட்டை மேசைமேல் வைத்து வெறித்துக்கொண்டிருந்தார் என்று நீ எழுதிய இடத்தில் நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். அதற்கு நீ வைத்த தலைப்பு என்ன? 'காலம் தின்ற காகிதங்கள்'. டேய், இதை எவன் தேடுவான்? கவிதைத் தொகுப்புக்கு வை, யார் வேண்டாம் என்றது? '1987: பர்மாவில் 75 கியாட் நோட்டு செல்லாமல் போனபோது எங்கள் கடை' என்று வைத்துப் பார். வருடம், ஊர், நோட்டு மூன்றும் தலைப்பிலேயே இருக்கிறது. பழைய நோட்டு சேர்க்கிறவன் வருவான், 1964-இல் 50, 100 கியாட் நோட்டு போன கதையைக் கேட்டு வளர்ந்தவன் வருவான், 'எங்க தாத்தாவும் இப்படித்தான்' என்று நாலு வரி எழுதிவிட்டுப் போவான். அந்த நாலு வரியிலிருந்து உனக்கு அடுத்த பதிவு கிடைக்கும்.

இன்னொன்று. தமிழில் தலைப்பு வைத்தால், நாம் வலைப்பூ எழுதுகிற கூகிளின் பிளாக்கர் அதைப் பதிவின் இணைய முகவரியில் சேர்க்காது, வெறுமனே பிளாக்-போஸ்ட் என்று போட்டுப் பக்கத்தில் ஒரு எண்ணை ஒட்டிவிடும். உன் பதிவுகளின் முகவரியெல்லாம் அப்படித்தான் இருக்கிறது, பார்த்தேன். வெளியிடுவதற்கு முன்பே வலது ஓரத்தில் பெர்மாலிங்க் என்று இருப்பதைத் திறந்து ஆங்கில எழுத்தில் நீயே ஒரு முகவரி கொடு. 'பர்மா 75 கியாட் 1987' என்பதை ஆங்கில எழுத்தில் போட்டாலே போதும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிற பிள்ளைகள்தான் இப்போது அதிகம். வெளியிட்டுவிட்டதை மாற்றப் போகாதே, ஏற்கெனவே யாராவது பகிர்ந்திருந்தால் அந்த இணைப்பு செத்துவிடும். இனி எழுதுவதற்கு மட்டும் செய்.

ரங்கூன் தெருப் பெயர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அங்கே இருக்கிற பெரியவர்களுக்கு மொகல் தெரு, டல்ஹவுசி தெரு, பிரேசர் தெரு என்றால்தான் தெரியும். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஷ்வே பொந்தா, மகா பண்டுலா, அனவரத்தா. நீ பழைய பெயரை மட்டுமே எழுதுகிறாய். பதிவில் ஒரு தடவையாவது இரண்டையும் எழுது, ரங்கூனையும் யாங்கோனையும் சேர்த்துத்தான். சர்ச் கன்சோல் என்று கூகிள் இலவசமாகக் கொடுக்கிற ஒன்று இருக்கிறது, அதில் உன் வலைப்பூவை இணைத்துவிட்டால் எந்தச் சொல்லைத் தேடியபோது உன் பதிவு தெரிந்தது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று காட்டும். என்னுடையதில் அத்தோ, பேஜோ என்ற நம் பர்மியத் தின்பண்டங்கள்தான் எப்போதும் மேலே நிற்கின்றன! நான் மாய்ந்து மாய்ந்து எழுதிய பர்மியத் தமிழ்ப் பத்திரிகைக் கதையைச் சீந்த ஆளில்லை. அதனால் என்ன செய்தேன் என்றால், அத்தோ பதிவின் நடுவிலேயே அந்தக் கதைக்கு ஒரு வழி வைத்தேன். சாப்பிட வந்தவர்களில் சிலர் அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கிறார்கள். பர்மா பஜார் அத்தோக் கடைகளைப் பற்றி நீ அங்கேயே இருந்துகொண்டு ஒரு வரி எழுதவில்லை என்பது எனக்குப் புரியாத புதிர்.

மியான்மரிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை என்று கணக்கைக் காட்டி வருத்தப்பட்டிருந்தாயே, அதை நம்பாதே. 2021 பிப்ரவரியில் பேஸ்புக்கைத் தடை செய்ததிலிருந்து இங்கே நிறையப் பேர் இருக்கிற நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அப்படி வருகிறவன் உன் கணக்கில் சிங்கப்பூர்க்காரனாகவோ நெதர்லாந்துக்காரனாகவோதான் தெரிவான். உன் நெதர்லாந்து வாசகர் இங்கே தட்டோன் ஊரில் டீக்கடை வைத்திருப்பவராகக்கூட இருக்கலாம். மறுபக்கம், பிளாக்கர் காட்டும் எண்ணிக்கையில் ஆளே இல்லாமல் இயந்திரங்கள் வந்து போவதும் சேர்ந்திருக்கும், திடீரென்று ஒரு நாள் உச்சிக்குப் போனால் வீட்டில் சொல்லிப் பாயசம் வைக்கச் சொல்லாதே. இங்கிருந்து படிக்கிறவனுக்கு டேட்டா விலையும் வேகமும் பெரிய பிரச்சினை, அதனால் நீ போடுகிற படங்களைத் தயவுசெய்து சின்னதாக்கிப் போடு. உன் கல்யாண ஆல்பம் பதிவு எனக்குத் திறக்கவே இல்லை.

நம் பழைய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 2004-இல் எல்லா வலைப்பூக்களின் புதுப் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டி வந்த பிறகு எழுதுகிறவனுக்கு இந்தக் கவலையே இல்லை, பதிவைப் போட்டால் முகப்பில் வந்து நிற்கும், உலகம் முழுக்க இருக்கிற தமிழர்கள் அங்கேதான் கூடினார்கள். நட்சத்திரப் பதிவராக ஒரு வாரம் உட்கார வைத்தால் தலைகால் புரியாது. பின்னூட்டத்தில் மொய் வைக்கிற பழக்கமும் அப்போது வந்ததுதான், நீ எனக்கு 'அருமை' போட்டால் நான் உனக்கு 'கலக்கல்' போடுவேன், இரண்டு பேரும் படித்திருக்க மாட்டோம். 2013 ஜூலையில் புதுப் பதிவுகளைச் சேர்த்துப் படிக்க உதவிய கூகிள் ரீடர் போனது, 2021-இல் ஃபீட்பர்னர் வழியாக வாசகர்களுக்குப் பதிவு மின்னஞ்சலில் போவதும் நின்றது, திரட்டிகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மொய் வைத்தவர்களும் போனார்கள். எங்கிருந்தாலும் தேடி வந்து படித்தவர்கள் கொஞ்சம் பேர் இன்னும் எனக்கு எழுதுகிறார்கள், நான் இன்னும் எழுதுவது அவர்களால்தான்.

அதனால் உன்னை வாசிக்கிறவர்களுடைய மின்னஞ்சலையோ எண்ணையோ நீயே வாங்கி வைத்துக்கொள், யாரோ ஒரு கம்பெனியின் கையில் விடாதே. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டால் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உன் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும், அதையும் அவர்களிடம் சொல்லிவிடு. முழுப் பதிவையும் குழுக்களில் ஒட்டாதே. என் பீலிக்கான் கோவில் திருவிழாப் பதிவை ஒரு குழுவில் யாரோ பெயரை வெட்டிவிட்டுப் போட்டு, அது சுற்றிச் சுற்றி என் மச்சான் வழியாக எனக்கே 'படித்துப் பாருங்க, அற்புதமா இருக்கு' என்று வந்தது. முதல் இரண்டு பத்தி, கீழே இணைப்பு, போதும். மீதியைப் படிக்க வேண்டும் என்று தோன்றினால் வருவான்.

கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். 2025 மார்ச் 28-இல் மண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி ஆடியதே, அன்றைக்கு இரவு நம் ஆட்கள் எந்தெந்த ஊரில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு அறிந்ததை எழுதிப் போட்டேன். எங்கிருந்தெல்லாமோ வந்து குவிந்தார்கள், விசாரித்தார்கள், அது சரிதான், அதற்காகத்தான் எழுதினேன். இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. அதில் தங்கியவர்கள் மண்டலேயில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் மட்டுமே.

ஒரு யோசனை, செய்வதும் செய்யாததும் உன் இஷ்டம். இங்கே இருக்கிற நம் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், கேட்டால் புரியும், ஆனால் கோவில் வகுப்பில் படித்த எழுத்து நீளமான பதிவைப் படிக்கப் போதவில்லை. என் பையனையே எடுத்துக்கொள், உன் பதிவை நான் வாசித்தால் உட்கார்ந்து கேட்கிறான். உனக்குக் கணீரென்று குரல் இருக்கிறது, கோவில் நாடகத்தில் அரிச்சந்திரனாக வந்து எங்களை அழவைத்தவன்தானே நீ. ஒவ்வொரு பதிவையும் செல்போனிலேயே வாசித்துப் பதிவு செய்து மேலே ஒட்டிவிடு. பின்னணி இசையெல்லாம் வேண்டாம்.

அப்புறம், வாரம் மூன்று எழுதப் போகிறேன் என்று சபதம் எடுக்காதே. மாதம் இரண்டு என்றாலும் எந்தக் கிழமை என்று சொல்லி அந்தக் கிழமையில் போடு. தேடலில் ஒரு பதிவு மேலே ஏறவே மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பழைய பதிவுகளைத் திறந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி போட்டுக்கொண்டிரு.

அந்த 75 கியாட் பதிவில் உன் அப்பாவின் கடை எந்தத் தெருவில், எந்தக் கோவிலுக்கு எதிரில் என்று நீ எழுதவில்லை. காளியம்மன் கோவில் பக்கம் என்று எனக்கு ஞாபகம், உன் அக்காவைக் கேட்டு உறுதி செய்து சொல். அடுத்த வாரம் அந்தப் பக்கம் வேலையாகப் போகிறேன், இப்போது அங்கே என்ன கடை இருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்புகிறேன், பதிவில் சேர்த்துக்கொள். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் ரங்கூன் நண்பன்